உப்பு பூத்த சுவரில் நெஃபர்தாரி

1987-இல் எகிப்தின் நெஃபர்தாரி அரசியின் கல்லறைக்குள் போயிருந்தால் ஓவியங்கள் முழுசாகக் கண்ணில் பட்டிருக்காது. தெய்வங்களின் கன்னத்திலும் அரசியின் தோளிலும், பூச்சு விரிசல் விட்டிருந்த இடங்களில் எல்லாம் சின்னச் சின்ன வெள்ளைக் காகிதப் பட்டைகள். முட்டி சிராய்த்த பிள்ளைக்குப் பிளாஸ்திரி போட்டுவிட்ட மாதிரி இருக்கும் அந்தப் படங்களைப் பார்த்தால். ஜப்பானில் மல்பெரி மரப்பட்டை நாரில் செய்யும் மெல்லிய காகிதம் அது. மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். சுவரை விட்டுக் கழன்று, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்ற ஓவியத் தோலைக் கீழே விழாமல் தாங்கியவை அந்தக் காகிதங்கள்தான்.

மூவாயிரத்து இருநூறு ஆண்டுகள் பாறைக்குள் இருந்த ஓவியம் எதனால் இப்படி ஆனது? வெள்ளம், திருடர்கள், சுற்றுலாப் பயணிகள் என்று பல காரணங்கள் மனத்தில் வரும். எல்லாவற்றுக்கும் இதில் கொஞ்சம் பங்குண்டு. ஆனால் முதல் காரணம் நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் சாதாரண உப்பு.

நைல் ஆற்றின் மேற்குக் கரையில், லக்சர் நகருக்கு எதிரே அரசியர் பள்ளத்தாக்கு இருக்கிறது. மன்னர்களின் பள்ளத்தாக்கிலிருந்து அதிகத் தொலைவில்லை. இரண்டாம் ராம்செஸ் தன் பட்டத்தரசி நெஃபர்தாரிக்கு அங்கே பாறையைக் குடைந்து கல்லறை அமைத்தான். இத்தாலியின் தூரின் நகர எகிப்திய அருங்காட்சியகத்துக்கு இயக்குநராக இருந்த எர்னெஸ்டோ ஸ்கியாபரெல்லி 1904-இல் அதைக் கண்டுபிடித்தார். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே திருடர்கள் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். உடைந்த கிரானைட் பேழை மூடி, ஒரு ஜோடி செருப்பு, சிறு பணியாள் பொம்மைகள், பதப்படுத்திய கால்களின் துண்டுகள், இவ்வளவுதான் மிஞ்சின. அந்தக் கால்களை ஆராய்ந்தவர்கள் அவை நெஃபர்தாரியுடையவையாகவே இருக்கக்கூடும் என்று 2016-இல் எழுதினார்கள்.

திருடர்களால் தூக்கிக்கொண்டு போக முடியாதது சுவர்தான். ஏறக்குறைய 520 சதுர மீட்டர் ஓவியம். ஓரிடத்தில் அரசி தனியாக உட்கார்ந்து செனெத் விளையாடுகிறாள். காய் நகர்த்தும் பலகை ஆட்டம் அது. எதிரில் ஆள் இல்லை, ஆடுவது விதியோடு. உடம்பு தெரியும்படியான மெல்லிய வெள்ளை ஆடை, தலையில் கழுகு வடிவ முடி. இன்னோரிடத்தில் ஐசிஸ் தெய்வம் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். மேலே கருநீலக் கூரை, அதில் மஞ்சள் நட்சத்திரங்கள். எகிப்திய ஓவியம் தட்டையானது, முகத்தில் மேடுபள்ளம் காட்டாது என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே அரசியின் கன்னத்தில் சிவப்பைக் கூட்டியும் குறைத்தும் தீட்டியிருப்பதைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

சரி, உப்புக்கு வருவோம். கடலோர ஊர்களில் வீடு உள்ளவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழைக்காலம் முடிந்து வெயில் வந்ததும் சுவரில் வெள்ளையாகப் பூக்கும். பெயின்ட் பொருக்கு விட்டு எழும்பும், தொட்டால் உதிரும். சுவருக்குள் இருக்கும் உப்பை ஈரம் கரைக்கிறது. ஈரம் வெளியே வந்து காயும்போது உப்பு மறுபடி படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் முன்னால் இருப்பதைத் தள்ளிக்கொண்டு வளரும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். குறைந்தால் மறுபடி கட்டியாகும். ஒருமுறை நடந்தால் பெரிய சேதம் இல்லை. நூறு, ஆயிரம் முறை நடந்தால் எந்தப் பூச்சும் தாங்காது.

நெஃபர்தாரியின் கல்லறையைக் குடைந்த சுண்ணாம்புக்கல், ஒரு காலத்தில் கடலடியில் படிந்த வண்டல். உப்பு அதன் உடம்பிலேயே இருக்கிறது. அதோடு, அரசியர் பள்ளத்தாக்கின் பாறை தரமானதும் அல்ல. பிளவும் பொருக்குமாக இருக்கும். நேரடியாகச் செதுக்க முடியாது. அதனால் களிமண், வைக்கோல், ஜிப்சம் கலந்த சாந்தைக் கனமாகப் பூசி, அந்தப் பூச்சிலேயே உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கி வண்ணம் தீட்டினார்கள். ஈரச் சாந்தைப் பூசிய அன்றைக்கே வினை தொடங்கிவிட்டது. சாந்தின் தண்ணீர் பாறையின் உப்பைக் கரைத்து வெளியே இழுத்தது. பின்னாளில் எப்போதாவது பெய்த பெருமழையின் கசிவும், உள்ளே வந்த மனிதர்களின் வியர்வையும் மூச்சும் அதே வேலையைத் தொடர்ந்தன. பாறைக்கும் பூச்சுக்கும் நடுவே சில இடங்களில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் கனமாக உப்புப் பாளம் வளர்ந்திருந்தது. ஸ்கியாபரெல்லி குழு எடுத்த பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டால், அவர் பார்த்த எத்தனையோ பகுதிகள் இன்று இல்லை.

இந்தச் சுவர்களைத் தீட்டியவர்கள் யார் என்று நமக்கு ஓரளவு தெரியும் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். தெய்ர் எல்-மதீனா என்ற சிற்றூரில் கல்லறை வேலைக்காரர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். வேலைக்கு வராதவர் யார், என்ன காரணம், விளக்குக்கு எத்தனை திரி கொடுக்கப்பட்டது என்றெல்லாம் கல்சில்லுகளில் எழுதிவைத்தார்கள். மூன்றாம் ராம்செஸ் ஆட்சியின் 29-ஆம் ஆண்டில் தானியக் கூலி வரவில்லை என்று வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களில் மிகப் பழையது அது.

வேலை நடந்த விதம் நம்மூர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் பழகியதுதான். காவியில் தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டால் சுவரில் நேர்கோடு விழும். அப்படிக் கட்டம் கட்டமாகப் போட்டு, நிற்கும் மனிதனுக்குப் பாதத்திலிருந்து நெற்றி முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டம் என்று அளவு வைத்தார்கள். முதலில் சிவப்புக் கோட்டில் வரைவார்கள். தலைமை ஓவியர் வந்து கறுப்பில் திருத்துவார். பாதியில் நின்றுபோன கல்லறைகளில் இந்த இரண்டு கோடுகளும் இன்றும் அப்படியே தெரிகின்றன.

வண்ணங்களில் பெரும்பாலானவை மண்ணும் கல்லும். சிவப்புக் காவி, மஞ்சள் காவி, கரி, சுண்ணாம்புப் பொருள்கள். பளபளக்கும் மஞ்சளுக்கு ஆர்சனிக் கனிமமான அரிதாரம். நீலமோ உலையில் பிறந்தது. மணல், செம்பு, சுண்ணாம்பு, கொஞ்சம் காரப்பொருள், எல்லாவற்றையும் சேர்த்து 850 டிகிரிக்கு மேல் பல மணிநேரம் சூடாக்கினால் கிடைக்கும் செயற்கை நிறமி. இவற்றைச் சுவரோடு ஒட்டவைக்கப் பிசின். நெஃபர்தாரி கல்லறையில் அது வேல மரத்துப் பிசின் என்று ஆய்வில் தெரிந்தது. நம்மூர்க் கருவேலமும் நைல் கரையில் வளரும் மரம்தான். ஈரச் சாந்தில் தீட்டும் பிரெஸ்கோ முறையில் வண்ணம் சுவரோடு ஒன்றாகிவிடும். எகிப்தியர் காய்ந்த சுவரில் பிசின் கலந்து தீட்டினார்கள். தண்ணீர் பட்டால் இளகும் வண்ணம் அது. ஆகவே அழுக்கைத் துடைப்பதுகூடத் துணிந்து செய்யக்கூடிய காரியம் அல்ல.

துணிந்தவர்கள் முன்பு இருந்தார்கள், விளைவையும் பார்த்தாகிவிட்டது. மன்னர் பள்ளத்தாக்கில் முதலாம் சேத்தியின் கல்லறையை 1817-இல் திறந்த பெல்சோனி, புடைப்புச் சிற்பங்களின் மேல் நேரடியாக அச்சு வார்த்து எடுத்தார். அச்சோடு வண்ணமும் உரிந்து வந்தது. 1829-இல் அங்கே போனவர் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய ஷாம்போலியன். அவ்வளவு பெரிய அறிஞர், ஒரு சுவர்ப்பகுதியை அறுத்தெடுத்துப் பிரான்சுக்குக் கொண்டுபோனார். அவரோடு வந்த ரோசெல்லினி இன்னொன்றை இத்தாலிக்குக் கொண்டுபோனார். ஒன்று லூவ்ரில், ஒன்று ஃபுளோரன்சில் இருக்கிறது. 1820-இல் நெபாமுன் என்ற கணக்கரின் கல்லறையிலிருந்து ஓவியங்களைக் கடப்பாறையால் பெயர்த்தார்கள். இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பெருமை. நாணல் புதரில் பறவை பிடிக்கும் பழுப்புப் பூனை ஒன்று அதில் உண்டு. அதன் கண்ணில் தங்க ரேக்கு வைத்திருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க அழகு. ஆனால் அந்தக் கல்லறை எங்கே இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. பெயர்த்தவர் இடத்தைச் சொல்லாமலே போய்விட்டார். பதினோரு துண்டுகள் கிடைத்தன, வீடு தொலைந்துபோனது.

இந்த அனுபவங்களுக்குப் பிறகுதான் நெஃபர்தாரி கல்லறையின் கதை வருகிறது. 1986-இல் எகிப்தின் தொல்பொருள் துறையும் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து இறங்கின. ரோம் நகரின் மையப் பாதுகாப்பு நிறுவனத்தில் பழுத்த அனுபவம் பெற்ற பாவ்லோ மோரா, லாரா மோரா தம்பதி வேலைக்குத் தலைமை தாங்கினார்கள். கையை வைக்கும் முன், சுவர் சுவராக எங்கே விரிசல், எங்கே உப்பு, எங்கே பழைய ஒட்டுப்போடல் என்று வரைபடம் போட்டார்கள். அப்புறம்தான் அந்தக் காகிதப் பட்டைகள். பின்னாளில் கரைப்பானில் கரைத்து எடுத்துவிடக்கூடிய பசையால் ஒட்டியவை அவை.

முழு வேலை 1988-இலிருந்து 1992 வரை நடந்தது. கழன்ற பூச்சுத் துண்டை மெல்ல விலக்கி, பின்னால் வளர்ந்த உப்பைச் சுரண்டி எடுத்து, மறுபடி அதே இடத்தில் உட்காரவைக்க வேண்டும். பாறைக்கும் பூச்சுக்கும் நடுவே உள்ள பொந்துகளை நிரப்ப அந்த ஊர் மணலும் ஜிப்சமும் கலந்த சாந்தையே பயன்படுத்தினார்கள். ஆனால் அந்த மணலை முதலில் கழுவினார்கள். பாலைவன மணலிலும் உப்பு இருக்கிறதே! குணப்படுத்த வந்த மருந்திலேயே நோயைக் கலந்துவிடக் கூடாது என்ற அந்தக் கவனம் எனக்கு இந்த வேலை முழுவதையும் சொல்லிவிடுகிறது. சிமென்டு போட்டால் ஒரே நாளில் முடிந்திருக்கும். சிமென்டிலும் கரையும் உப்பு உண்டு, அது பழைய சாந்தைவிடக் கெட்டியும் கூட, பக்கத்தில் இருப்பதை உடைக்கும்.

அடுத்து வந்தது பெரிய கேள்வி. ஓவியத்தில் ஐந்தில் ஒரு பங்குவரை போய்விட்டது. அந்த இடங்களை என்ன செய்வது? பழைய புகைப்படங்கள் கையில் இருந்தன. நிறமிகள் என்ன என்று தெரியும். அரசியின் விட்டுப்போன கையையோ தெய்வத்தின் பாதி முகத்தையோ வரைந்து முடிக்கத் திறமையான ஓவியர்களுக்கும் பஞ்சமில்லை. வரையக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். இழந்த இடத்தில் சாந்து மட்டும். புது நிறமி ஒரு துளியும் சேர்ப்பதில்லை. முன்பு யாரோ செய்திருந்த மேல்பூச்சுகள் பலவற்றையும் நீக்கினார்கள். விளைவாக இன்று அங்கே நாம் பார்க்கும் வண்ணம் எல்லாம் பழைய கைகள் தீட்டியது. காலியிடம் காலியிடமாகவே நிற்கிறது.

இதில் கருத்து வேறுபாடு உள்ளவர்கள் உண்டு. கோயிலில் சிலையின் மூக்கு உடைந்தால் சரிசெய்வதும், குடமுழுக்குக்கு முன் சுதைக்கு வண்ணம் அடிப்பதும் நமக்கு இயல்பு. கோயிலில் வழிபாடு நடக்கிறது, அங்கே அதற்கு நியாயம் இருக்கிறது. நெஃபர்தாரியின் சுவர் மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய கைகளின் சாட்சி. அதில் இன்றைய தூரிகை பட்டால் எது அவர்களுடையது, எது நம்முடையது என்று அடுத்த தலைமுறையால் பிரித்தறிய முடியாது. மோரா தம்பதி கையைக் கட்டிக்கொண்டு நின்றது சரி என்றே நான் நினைக்கிறேன்.

கல்லறை 1995 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. நாளொன்றுக்கு 150 பேர், ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று வரம்பு. மனிதர்கள் மூச்சுவிடுகிறார்கள், வியர்க்கிறார்கள். உள்ளே ஈரப்பதம் ஏறுவதையும் இறங்குவதையும் கருவிகள் வைத்து ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். அதில் தெரிந்த ஒரு செய்தி சுவையானது. குளிர்காலத்தில் கல்லறை தானாகவே மூச்சுவிடுகிறது. வெளியே உள்ள குளிர்ந்த, வறண்ட காற்று கனமானது. அது படிக்கட்டின் தரையோரமாக உள்ளே இறங்குகிறது. உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்று கூரையோரமாக மேலேறி வெளியே போகிறது. கோடையில் இது நடக்காது. வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடு. சூடான காற்று பள்ளத்துக்குள் இறங்காது. அதனால் கோடையில் வந்த ஒருவர் விட்ட ஈரம் அங்கேயே தங்கும். எத்தனை பேரை விடுவது என்ற கேள்வியோடு எந்த மாதத்தில் விடுவது என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. 2003-இல் கல்லறையைப் பொதுவாக மூடினார்கள். பிறகு அதிகக் கட்டணமுள்ள தனிச் சீட்டோடு அனுமதித்தார்கள்.

மன்னர் பள்ளத்தாக்கில் உள்ள துட்டன்காமுன் மன்னனின் கல்லறையில் பிரச்சினை வேறு. 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் அதைக் கண்டுபிடித்தபோதே சுவரெங்கும் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. பன்னிரண்டு குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மேற்குச் சுவரிலும் அவை தெளிவாகத் தெரியும். கூட்டம் கூடக்கூட, நம் மூச்சுதான் பூஞ்சையை வளர்க்கிறது, புள்ளிகள் பரவுகின்றன என்ற அச்சம் எழுந்தது. கெட்டி நிறுவனமும் எகிப்து அரசும் 2009-இல் ஆய்வைத் தொடங்கின. முதல் சோதனை எளிமையானது: 1920-களில் ஹாரி பர்ட்டன் எடுத்த புகைப்படங்களை எடுத்து, புள்ளி புள்ளியாக ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒரு புள்ளிகூட வளரவில்லை. மரபணு ஆய்வும் வேதியியல் ஆய்வும் அவை நுண்ணுயிரால் வந்தவை, ஆனால் எப்போதோ செத்துவிட்டவை என்று உறுதிசெய்தன. இளம் மன்னன் திடீரென்று இறந்துபோக, சாந்தும் வண்ணமும் காய்வதற்குள் கல்லறையை மூடியிருக்கலாம். அந்த ஈரத்தில் பூஞ்சை வளர்ந்து, ஈரம் வற்றியதும் மடிந்திருக்கலாம் என்பது பலரும் சொல்லும் விளக்கம்.

புள்ளிகளை எடுக்கவில்லை. கறை வண்ணப் படலத்துக்குள்ளேயே ஊறிவிட்டதால், சுரண்டினால் ஓவியமும் போகும். உண்மையான தொந்தரவு தூசி என்று தெரிந்தது. நம் செருப்பிலும் உடையிலும் வரும் மெல்லிய தூசி ஏற்ற இறக்கமான சுவரில் படிகிறது. அதைத் துடைக்கத் துடைக்கச் சுவர் தேய்கிறது. ஆகவே புதிய காற்றோட்ட ஏற்பாடு, தடுப்புகள், நடைபாதை, பார்வை மேடை எல்லாம் அமைத்து 2019-இல் வேலையை முடித்தார்கள்.

இதே கல்லறையின் வடக்குச் சுவருக்குப் பின்னால் நெஃபர்தீத்தி என்ற வேறோர் அரசி புதைந்திருக்கிறாள் என்று 2015-இல் நிக்கோலஸ் ரீவ்ஸ் என்ற ஆய்வாளர் எழுதியதும் உலகமே பரபரத்தது. சுவரைத் துளைத்துப் பார்த்திருந்தால் ஒரு மணிநேரத்தில் விடை கிடைத்திருக்கும். யாரும் துளைக்கவில்லை. தரை ஊடுருவும் ரேடாரை வைத்து மூன்று முறை தேடினார்கள். முதல் ஆய்வு இருக்கிறது என்றது, இரண்டாவது இல்லை என்றது. 2018-இல் தூரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்கோ போர்செல்லி தலைமையிலான மூன்றாவது ஆய்வு, அங்கே மறைந்த அறை ஏதும் இல்லை என்று முடித்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே சந்தேகம் வந்திருந்தால் அந்தச் சுவர் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

தொடாமல் பார்ப்பதில் இன்று கைக்கருவிகள் வெகுதூரம் வந்துவிட்டன. எகிப்திய நீலத்தின் மேல் சாதாரண ஒளியைப் பாய்ச்சினால் அது அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி உமிழும். அதற்கான கேமராவில் பார்த்தால், வெறும் கண்ணுக்கு வெளிறிப்போன சுவராகத் தெரியும் இடத்திலும் நீலத்தின் துகள்கள் வெள்ளை வெளேரென்று ஒளிரும். எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியைச் சுவருக்கு முன்னால் பிடித்தால் எந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்று சொல்லும். லக்சருக்கு எதிரே உள்ள மென்னா என்ற அதிகாரியின் கல்லறையில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இப்படிப் பார்த்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மென்னா இரண்டு கைகளையும் உயர்த்தி ஒசைரிஸ் தெய்வத்தை வணங்கும் காட்சி. அங்கே மேல்பூச்சுக்கு அடியில் மூன்றாவதாக ஒரு கை. ஓவியர் முதலில் ஓரிடத்தில் கையை வரைந்திருக்கிறார். பிறகு மனம் மாறி அதை மறைத்து, வேறு கோணத்தில் மறுபடி வரைந்திருக்கிறார். ஏன் மாற்றினார் என்பதைச் சுவர் சொல்லவில்லை. எகிப்திய ஓவியர்கள் கட்டத்துக்குள் கோட்டைப் போட்டு இயந்திரம்போல் வேலை செய்தவர்கள் என்று படித்து வளர்ந்த எனக்கு, அழித்து வரைந்த அந்த ஒரு கை அவர்களை மிக அருகில் கொண்டுவந்து நிறுத்தியது.

அதே கல்லறையில் மென்னாவின் முகத்தையும் கண்ணையும் பழங்காலத்திலேயே யாரோ வேண்டுமென்றே கொத்தியிருக்கிறார்கள். கண் போனால் மறுமையில் பார்க்க முடியாது என்ற நம்பிக்கை. வேண்டாதவர்களின் வேலை. அந்தக் கொத்தலும் இப்போது வரலாறுதான். சாந்து வைத்து மூடிவிட்டால் அந்தப் பகையும் சேர்ந்து மறைந்துவிடும்.

கூட்டத்தைக் குறைக்க வழி தேடியவர்கள் நகலில் வந்து நின்றார்கள். ஃபாக்டம் ஆர்ட்டே என்ற நிறுவனம் துட்டன்காமுனின் அடக்க அறையைத் தொடாமலே ஸ்கேன் செய்து, சுவரின் நுண்ணிய மேடுபள்ளம் வரை, அந்தப் பழுப்புப் புள்ளிகள் உட்பட, அப்படியே மறுபடி உருவாக்கியது. மன்னர் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில், கார்ட்டர் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் 2014 ஏப்ரல் 30 அன்று அதைத் திறந்தார்கள். நகலைப் பார்க்க யார் அவ்வளவு தூரம் போவார்கள் என்று கேட்கலாம். நானும் கேட்டேன், ஒரு விஷயத்தைப் படிக்கும் வரை. அடக்க அறைக்குள் இருந்த பெரிய தங்கப் பேழைகளை வெளியே எடுக்க வழி இல்லாததால் கார்ட்டர் தெற்குத் தடுப்புச் சுவரின் ஒரு பகுதியை இடித்தார். அதிலும் ஓவியம் இருந்தது. ஐசிஸ் தெய்வமும் அவளுக்குப் பின்னால் மூன்று சிறு தெய்வங்களும் அந்தத் துண்டுகளோடு போய்விட்டார்கள். இடிக்கும் முன் பர்ட்டன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் மிஞ்சியது. அந்தப் படத்தை வைத்து அந்தப் பகுதியையும் உருவாக்கி, நகல் அறையோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மூலக் கல்லறைக்குப் போகிறவர்களுக்கு அந்த ஐசிஸைப் பார்க்கக் கிடைக்காது.